கோயிலுக்கு வெளியே கத்தோலிக்கம்: சபையின் விதிகள் உலகத்தின் வழக்கமான கதை

அவிலா நகரத்துத் தெரேசா 1582ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி இரவு இறந்தார். ஸ்பெயினில் கார்மேல் மடங்களைச் சீர்திருத்திய அந்தத் துறவியை மறுநாளே அடக்கம் செய்தார்கள். அந்த மறுநாளின் தேதி அக்டோபர் 15. இடையில் இருக்க வேண்டிய பத்துத் தேதிகள் அந்த ஆண்டு ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி ஆகிய இடங்களில் வரவே இல்லை. கத்தோலிக்கச் சபையின் தலைவரான பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரி அவற்றை நீக்கி உத்தரவு போட்டிருந்தார்.

காரணம் ஒரு திருவிழா. உயிர்ப்பு ஞாயிறு எனப்படும் ஈஸ்டரின் தேதி, வசந்த காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளுக்குப் பிறகு வரும் முழுநிலவை ஒட்டிக் கணக்கிடப்படுகிறது. அந்தச் சமநாள் மார்ச் 21 என்று சபை வைத்திருந்தது. ஆனால் ஜூலியஸ் சீசர் காலத்திலிருந்து வந்த நாட்காட்டி ஓர் ஆண்டை 365 நாள் 6 மணி என்று எடுத்துக்கொண்டது. அது சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நிமிடம் அதிகம். 11 நிமிடத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளில் அது பத்து நாளாகச் சேர்ந்துவிட்டது; மார்ச் 21இல் வர வேண்டிய சமநாள் மார்ச் 11 வாக்கிலேயே வந்துகொண்டிருந்தது. காலாப்ரியாவைச் சேர்ந்த மருத்துவர் லூயிஜி லிலியோ இதற்கு ஒரு திருத்தத்தை எழுதிவைத்துவிட்டு இறந்துபோனார். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் அமைப்பைச் சேர்ந்த கணித அறிஞர் கிறிஸ்டோபர் கிளாவியஸும் மற்றவர்களும் அதைச் செப்பனிட்டார்கள். நூற்றாண்டு முடியும் ஆண்டுகளில் 400ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டு என்பது அவர்கள் கண்ட தீர்வு. அதனால்தான் 2000 லீப் ஆண்டு, 1900 அப்படியில்லை.

பாப்பரசரோடு மனக்கசப்பில் இருந்த நாடுகள் இதை ஏற்க இழுத்தடித்தன. பிரிட்டன் 1752இல் இறங்கி வந்தது, ரஷ்யா 1918இல், கிரீஸ் 1923இல். வணிகமும் கடிதப் போக்குவரத்தும் நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களும் பெருகப் பெருக, இரண்டு தேதிகளை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது முடியாத காரியமாகிவிட்டது. இன்று ஈஸ்டரைக் கொண்டாடாத கோடிக்கணக்கான பேரும், ஈஸ்டரைச் சரியான நாளில் கொண்டாடுவதற்காகத் திருத்தப்பட்ட நாட்காட்டியில்தான் பிறந்த தேதியை எழுதுகிறார்கள்.

கத்தோலிக்கத்தின் செல்வாக்கு என்றால் பெரும்பாலும் பேராலயங்களும் மைக்கேலாஞ்சலோவின் கூரை ஓவியமும் பெரிய பாடற்குழுக்களும்தான் பேசப்படுகின்றன. அவை மகத்தானவை, சந்தேகமில்லை. ஆனால் அவற்றைப் பார்க்கவும் கேட்கவும் நாம் அங்கே போக வேண்டும். நாட்காட்டி மாதிரியான விதிகள் நம்மைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டன. இந்தச் சபை உலகத்தில் பதித்த மிக ஆழமான தடம் அதன் நடைமுறைகளில் இருக்கிறது என்பது என் எண்ணம். நேரத்தை எப்படிப் பிரிப்பது, யார் யாரைக் கல்யாணம் செய்யலாம், குற்றத்தை எப்படி விசாரிப்பது, ஒரு கூட்டம் எப்படி முடிவெடுப்பது, பிறந்தவரையும் இறந்தவரையும் எந்த ஏட்டில் எழுதுவது என்பதையெல்லாம் அது விதியாக எழுதிவைத்தது. அது செய்த நன்மையும் தீமையும் பெரும்பாலும் அந்த விதிகளின் வழியாகத்தான் நடந்தன.

ஏன் ஒரு மதத்துக்கு இத்தனை விதி? மேற்கு ரோமப் பேரரசு சரிந்த பிறகு, எல்லை கடந்து ஒரே மொழியில் எழுதத் தெரிந்த ஆட்கள் சபையிடம்தான் இருந்தார்கள். மன்னர்கள் மாறினார்கள், எல்லைகள் மாறின. ஒரு வட்டாரத்துச் சபைக்குத் தலைவரான ஆயரின் (பிஷப்பின்) அலுவலகம் அங்கேயே இருந்தது. பதினொன்றாம் நூற்றாண்டில் பாப்பரசர்களுக்கும் பேரரசர்களுக்கும் ஆயர்களை யார் நியமிப்பது என்ற சண்டை முற்றியபோது, தன் அதிகாரத்தைப் பழைய ஆவணங்களைக் காட்டி நிலைநாட்ட வேண்டிய தேவையும் சபைக்கு வந்தது. சுமார் 1140இல் கிராஷியன் என்பவர், ஒன்றோடொன்று முரண்படும் ஏறத்தாழ நான்காயிரம் சபைச் சட்ட மேற்கோள்களைத் தொகுத்து, முரண்பாடுகளுக்குச் சமாதானமும் சொன்னார். இத்தாலியின் போலோஞ்ஞா நகரத்தில் அதைப் பாடமாகப் படித்தவர்கள் ஐரோப்பா முழுக்க நீதிபதிகளாகவும் மன்னர்களின் எழுத்தர்களாகவும் போய்ச் சேர்ந்தார்கள். பல்கலைக்கழகம் என்ற அமைப்பு வளர்ந்ததும் இதே சூழலில்தான்.

நேரத்தின் கதை இன்னும் பழையது. ஆறாம் நூற்றாண்டில் மோந்தே கஸ்ஸினோ மடத்துக்காகப் பெனடிக்ட் எழுதிய ஒழுங்கு, பகலில் ஏழு முறையும் இரவில் ஒரு முறையும் கூடி ஜெபிக்கச் சொல்கிறது. இடைப்பட்ட நேரத்தில் கைவேலையும் வாசிப்பும். ஜெபத்துக்குப் பிந்தி வருபவர் என்ன செய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது: தன் வழக்கமான இடத்துக்குப் போகாமல் எல்லாருக்கும் கடைசியில், அல்லது பிந்தி வருபவர்களுக்கென ஒதுக்கிய இடத்தில், மற்றவர்கள் பார்க்கும்படி நிற்க வேண்டும். வெளியே நிற்கவைத்தால் போய்த் தூங்கிவிடுவார் என்ற கவலையும் பெனடிக்டுக்கு இருந்திருக்கிறது. மணி அடித்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டிய ஒரு வாழ்க்கை முதலில் மடங்களில்தான் இவ்வளவு கறாராக நடந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இயந்திரக் கடிகாரங்கள் வந்தபோது அவற்றுக்காகக் காசு செலவழித்தவர்களில் மடங்களும் பேராலயங்களும் முன்வரிசையில் இருந்தன. அப்புறம் நகரங்களும் தொழிற்சாலைகளும் பள்ளிக்கூடங்களும் மணியை எடுத்துக்கொண்டன, ஜெபத்தை விட்டுவிட்டன.

கல்யாணம் என்ற பெரிய விஷயம்

சபையின் கை மக்களின் வாழ்க்கைக்குள் மிக ஆழமாக நுழைந்த இடம் கல்யாணம். பழைய ஐரோப்பாவில் கல்யாணம் என்பது இரண்டு குடும்பங்கள் பேசி முடிக்கும் சொத்து விவகாரம். ஆணும் பெண்ணும் மனமார ஒப்புக்கொள்வதுதான் திருமணம், அது இருந்தால் வேறெதுவும் கட்டாயமில்லை என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் சபை உறுதியாக முடிவுக்கு வந்தது. பாப்பரசர் மூன்றாம் அலெக்சாந்தரின் தீர்ப்புகள் இதை நிலைநிறுத்தின. அப்பா சம்மதிக்கவில்லையா, குருவானவர் இல்லையா, சாட்சி இல்லையா? பரவாயில்லை. “உன்னை என் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன்”, “உன்னை என் கணவனாக ஏற்றுக்கொள்கிறேன்” என்று இருவரும் சொல்லிவிட்டால் அவர்கள் கணவன் மனைவி. மாட்டுத் தொழுவத்தில் சொன்னாலும் செல்லும், வீதியில் சொன்னாலும் செல்லும்.

இது நடைமுறையில் பெரிய குழப்பத்தைக் கிளப்பியது. “ஏற்றுக்கொள்கிறேன்” என்றால் அந்த நொடியே திருமணம். “ஏற்றுக்கொள்வேன்” என்றால் அது வெறும் நிச்சயம். அதற்குப் பிறகு இருவரும் கூடினால்தான் திருமணமாகும். சபை நீதிமன்றங்களில் பெண்கள் வந்து அவன் ஏற்றுக்கொள்கிறேன் என்றுதான் சொன்னான் என்பார்கள். ஆண்கள் இல்லை என்பார்கள். இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு பல ஆண்டு ஆன பிறகும் பழைய வாக்கு முளைத்து வரும். இத்தனை சிக்கலுக்கு நடுவிலும் சபை அந்தக் கொள்கையை விடவில்லை. அது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. ஒரு வேலைக்காரப் பெண் நீதிமன்றத்துக்கு வந்து, எங்கள் ஒப்புதலே போதும், இவன் என் புருஷன் என்று வாதாட முடிந்தது. மிரட்டிக் கட்டிவைத்த கல்யாணம் செல்லாது என்பதும் அதே கொள்கையிலிருந்து வந்தது.

சபையின் ஆயர்கள் கூடி விதி வகுக்கும் பேரவைக்குச் சங்கம் என்று பெயர். 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம், கல்யாணத்துக்கு முன் கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும், அதாவது முன்கூட்டியே எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும் என்றது. தடை இருப்பது தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும் என்பதற்காக. 1563இல் திரெந்து சங்கம்தான் கடைசியில் ரகசியக் கல்யாணங்களுக்கு முடிவு கட்டியது. பங்குக் குருவும் (அந்த ஊர்க் கோயிலின் பொறுப்புக் குரு) குறைந்தது இரண்டு சாட்சிகளும் இல்லாமல் நடப்பது இனிமேல் செல்லாது. மணமக்கள் பெயரையும் சாட்சிகள் பெயரையும் நாளையும் இடத்தையும் குரு ஓர் ஏட்டில் எழுதிவைக்க வேண்டும். பெற்றோர் சம்மதத்தையும் கட்டாயமாக்கச் சொல்லி பிரெஞ்சு மன்னர் தரப்பு வற்புறுத்தியது. சங்கம் மறுத்துவிட்டது. பிரான்ஸ் அரசு தன் சட்டத்தில் பெற்றோர் சம்மதமில்லாத கல்யாணத்தைப் பெண் கடத்தலுக்குச் சமமாக்கித் தன் வழியில் போனது. சாட்சிகள், முன்னறிவிப்பு, பதிவேடு, அதிகாரம் பெற்ற ஒருவர் முன்னிலையில் இருவரும் வாய்விட்டுச் சொல்லும் ஒப்புதல் என்று இன்று எத்தனையோ நாடுகளின் பதிவுத் திருமணத்தில் இருக்கும் அமைப்பு ஏறக்குறைய திரெந்து வகுத்ததேதான். குருவுக்குப் பதில் அங்கே அரசு அதிகாரி உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொரு விதி யார் யாரை மணக்கலாம் என்பது. பதினொன்றாம் நூற்றாண்டு வாக்கில், ஏழு தலைமுறைக்குள் பொது மூதாதையர் இருந்தாலே மணம் கூடாது என்று தடை நீண்டிருந்தது. அந்தக் கணக்கில் ஒரு சின்ன ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்தான். 1215இல் அதை நான்கு தலைமுறையாகக் குறைத்தார்கள். திருமுழுக்கின்போது (ஞானஸ்நானத்தின்போது) குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோர் வழி உறவும் கல்யாணத்தால் வந்த உறவும்கூடத் தடைக்குள் இருந்தன. பணமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு விதிவிலக்கு கிடைத்தது என்பதும் உண்மை.

இந்தத் தடைகள் எதற்கு வந்தன, என்ன செய்தன என்பதில் அறிஞர்களிடையே சூடான விவாதம் உண்டு. உறவுக்குள் கல்யாணத்தையும் தத்தெடுப்பையும் விதவையைக் கொழுந்தன் மணப்பதையும் தடுத்தால் வாரிசில்லாத சொத்து பெருகும், அது சபைக்கு வந்து சேரும் என்பது மானிடவியலாளர் ஜாக் கூடி 1980களில் வைத்த வாதம். ஜோசப் ஹென்ரிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் இன்னும் தூரம் போனார்கள். மேற்குச் சபையின் ஆளுகையில் நீண்ட காலம் இருந்த பகுதிகளில் சொந்தத்துக்குள் கல்யாணம் குறைவு. அங்கே உள்ளவர்கள் முன்பின் தெரியாதவர்களை அதிகம் நம்புகிறார்கள், கூட்டத்தோடு ஒத்துப்போகும் பழக்கம் குறைவு என்று புள்ளிவிவரங்களோடு வாதிட்டார்கள். குலம் என்ற வேலி உடைந்ததால் கில்டு (ஒரே தொழில் செய்பவர்களின் சங்கம்), நகரசபை, பல்கலைக்கழகம் போல அந்நியர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்புகள் முளைத்தன என்பது அவர்கள் கருத்தின் சாரம். ஒரே ஒரு காரணத்தால் ஐரோப்பாவின் மனப்போக்கு முழுவதையும் விளக்கிவிட முடியாது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் மறுக்கிறார்கள். அந்த மறுப்பு நியாயமானதுதான். ஆனாலும் குடும்பத்தின் உருவத்தை மாற்றும் அளவுக்குச் சபையின் கை நீண்டது என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன.

மணமுறிவு கூடாது என்ற விதியின் நிழல் நம் காலம் வரை விழுகிறது. இத்தாலியில் 1970இல்தான் விவாகரத்துச் சட்டம் வந்தது. 1974இல் அதை நீக்கக் கோரிய வாக்கெடுப்பில் மக்கள் சட்டத்தின் பக்கம் நின்றார்கள். அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே விவாகரத்துக்குத் தடை இருந்தது, 1995இல் 50.28 சதவீத வாக்கில், மயிரிழையில், அது நீங்கியது. சிலி 2004 வரையிலும் மால்டா 2011 வரையிலும் காத்திருந்தன. பிலிப்பைன்ஸில் முஸ்லிம்களைத் தவிர மற்றவர்களுக்கு இன்னும் விவாகரத்துச் சட்டம் கிடையாது. அடித்துத் துன்புறுத்தும் கணவனிடமிருந்து பிரிந்து போன பெண் மறுவாழ்வு தேடினால், கல்யாணமே முதலிலிருந்து செல்லாது என்று நிரூபிக்க நீதிமன்றப் படி ஏற வேண்டும். ஒப்புதலைக் கொண்டாடிய அதே சட்டம், அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற வழி வைக்கவில்லை.

விசாரணையும் வாக்கும்

நான்காம் லாத்தரன் சங்கம் இன்னொன்றும் செய்தது. அதுவரை குற்றம் சாட்டப்பட்டவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடிப்பார், அல்லது கட்டித் தண்ணீரில் இறக்கப்படுவார். கடவுள் தீர்ப்புச் சொல்வார் என்பது நம்பிக்கை. அந்தச் சடங்கை ஆசீர்வதிக்கக் குருக்கள் போகக் கூடாது என்று சங்கம் தடுத்தது. ஆசீர்வாதம் இல்லாமல் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. இங்கிலாந்தில் 1219இல், சபை தடுத்துவிட்டதால் இனி என்ன செய்வது என்று அரசு நீதிபதிகளுக்கு வழிகாட்ட வேண்டியிருந்தது. அந்த வெற்றிடத்தில்தான் ஊர்க்காரர்களைக் கொண்ட ஜூரி விசாரணை வளர்ந்தது. ஐரோப்பியக் கண்டத்து மற்ற நாடுகள் வேறு வழியில் போயின. அங்கே நீதிபதியே சாட்சிகளை அழைத்து, எழுதி, விசாரித்தார். பெரிய குற்றத்துக்கு இரண்டு கண்கண்ட சாட்சிகள் வேண்டும், இல்லையென்றால் வாக்குமூலம் வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாட்சி கிடைக்காதபோது வாக்குமூலத்தை எப்படியாவது வரவழைக்க வேண்டும் என்ற நெருக்கடியும் அதிலிருந்தே வந்தது. மதவிரோதிகளை விசாரிக்கும்போது சித்திரவதை செய்யலாம் என்று 1252இல் பாப்பரசர் நான்காம் இன்னொசென்ட் அனுமதி கொடுத்தார். மூடநம்பிக்கையை ஒழித்த சட்ட மரபே சித்திரவதைக் கூடத்துக்கும் கதவு திறந்தது.

வாக்கெடுப்புக்கு வருவோம். பாப்பரசரைத் தேர்ந்தெடுக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது 1179இலேயே விதியாகிவிட்டது. ஆனால் நான்காம் கிளெமென்ட் 1268இல் இத்தாலியின் விதெர்போ நகரத்தில் இறந்தபோது, பாப்பரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையுள்ள கர்தினால்மார்களால் ஏறக்குறைய மூன்று ஆண்டு முடிவுக்கு வர முடியவில்லை. ஊர்க்காரர்கள் பொறுமை இழந்து அவர்களை உள்ளே வைத்துப் பூட்டினார்கள், சாப்பாட்டைக் குறைத்தார்கள், கூரையையும் பிரித்தார்கள். ஒருவழியாக 1271இல் தேர்வான பத்தாம் கிரகோரி, ஊர்க்காரர்கள் செய்ததை 1274இல் சட்டமாகவே எழுதினார்: பூட்டிய இடத்தில் கூட வேண்டும், மூன்று நாளில் முடிவு வராவிட்டால் வேளைக்கு ஒரே ஒரு பதார்த்தம், இன்னும் ஐந்து நாள் போனால் ரொட்டி, தண்ணீர், திராட்சை ரசம் மட்டும். உணவு விதி பின்னாளில் போய்விட்டது. பூட்டிய கதவும் மூன்றில் இரண்டு பங்கும் 2025 மே மாதம் பதினான்காம் லியோ தேர்வானபோதும் இருந்தன. மரபுரிமைதான் ஆட்சி என்றிருந்த காலத்தில், கண்டத்தின் மிகப் பெரிய பதவிக்கு எண்ணி வாக்களித்தார்கள். கூட்டமாக முடிவெடுப்பதற்கு இவ்வளவு நுணுக்கமான விதிகள் வைத்திருந்த வேறு அமைப்பு அந்த நாளைய ஐரோப்பாவில் அபூர்வம்.

பாட்டும் படமும்

இசையில் சபை விட்டுப்போனதும் ஒரு நடைமுறைதான். பதினொன்றாம் நூற்றாண்டில் அரெத்ஸோ நகரத்துக் குயிதோ என்ற பெனடிக்டைன் துறவி, பையன்களுக்கு வழிபாட்டுப் பாடல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் மனப்பாடம்; ஆசான் பாடினால் சீடன் பாட வேண்டும்; பத்தாண்டு படித்தாலும் புதுப் பாட்டைத் தானாகப் பாட வராது. குயிதோ இரண்டு காரியம் செய்தார். கோடுகள் போட்டு, சுரம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்படி எழுதினார். அப்புறம் திருமுழுக்கு யோவானைப் பற்றிய ஒரு லத்தீன் பாடலைப் பிடித்துக்கொண்டார். அதன் ஒவ்வோர் அடியும் முந்தைய அடியைவிட ஒரு சுரம் மேலே தொடங்கும். அடிகளின் முதல் அசைகள் உத், ரே, மி, ஃபா, சோல், லா. பாட்டு தெரிந்தால் சுரங்களின் இடைவெளியும் தெரிந்துவிடும். உத் பின்னாளில் தோ ஆனது, ஏழாவது சுரமும் சேர்ந்தது. பத்தாண்டுப் படிப்பு ஓரிரு ஆண்டில் முடிகிறது என்று குயிதோ எழுதினார்; பாப்பரசர் பத்தொன்பதாம் யோவான் அவரை ரோமுக்கு வரவழைத்துப் பார்த்தார். கேட்டிராத ஒரு பாட்டைத் தாளைப் பார்த்துப் பாடலாம், இறந்துபோனவர் அமைத்த இசையை அப்படியே மீட்கலாம் என்பதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

ஓவியத்தில் சபை ஒரே நேரத்தில் புரவலராகவும் கண்காணிப்பாளராகவும் இருந்தது. 1573இல் பாவ்லோ வெரொனேஸே வெனிஸில் தொமினிக்கன் மடத்து உணவுக்கூடத்துக்காக இறுதி இராவுணவை வரைந்தார். கிட்டத்தட்ட 13 மீட்டர் அகலம். இயேசுவைச் சுற்றி வெனிஸின் பணக்கார விருந்து ஒன்றே நடந்துகொண்டிருந்தது: கையில் கிளியோடு கோமாளி, மூக்கில் ரத்தம் வடியும் வேலைக்காரன், ஜெர்மானிய உடையில் ஆயுதம் ஏந்திய வீரர்கள், ஒரு நாய். சபை விசாரணை மன்றம் கூப்பிட்டு, இவர்களுக்கெல்லாம் இங்கே என்ன வேலை என்று கேட்டது. கவிஞர்களுக்கும் பைத்தியக்காரர்களுக்கும் உள்ள உரிமையை நாங்களும் எடுத்துக்கொள்கிறோம் என்பது அவர் பதில். மூன்று மாதத்துக்குள் சொந்தச் செலவில் திருத்த வேண்டும் என்று உத்தரவானது. வெரொனேஸே படத்தைப் பெரிதாகத் தொடவில்லை, தலைப்பை மாற்றினார். இறுதி இராவுணவு ‘லேவியின் வீட்டு விருந்து’ ஆனது. லூக்கா நற்செய்தியில் அந்த விருந்துக்கு வரிதண்டுபவர்கள் வருகிறார்கள், யார் வந்தாலும் தப்பில்லை. பரோக் கலையின் பிரம்மாண்டமும் 1559இலிருந்து 1966 வரை நீடித்த தடைசெய்த நூல்களின் பட்டியலும் ஒரே காலத்தில், ஒரே கவலையிலிருந்து பிறந்தவை: படமும் எழுத்தும் மனிதர்களை மாற்றும் என்று அந்தச் சபை மனதார நம்பியது.

கடல் கடந்து போனது

இனி வருவது கசப்பான பகுதி. 1452இலும் 1455இலும் பாப்பரசர் ஐந்தாம் நிக்கோலாஸ் போர்ச்சுகல் மன்னருக்குக் கொடுத்த ஆணைகள், கிறிஸ்தவரல்லாதவர்களின் நிலத்தைக் கைப்பற்றவும் அவர்களை நிரந்தர அடிமையாக்கவும் உரிமை தந்தன. 1493இல் ஆறாம் அலெக்சாந்தர் ஸ்பெயினுக்கும் அதுபோல ஓர் ஆணை கொடுத்தார். காகிதம் கடல் கடந்து போய் என்ன செய்தது என்பதற்கு ஓர் உதாரணம்: 1823இல், பெரும்பாலும் புரோட்டஸ்டன்ட் நாடான அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம், கண்டுபிடித்த கிறிஸ்தவ நாட்டுக்கே நிலத்தின் உரிமை என்ற கொள்கையை வைத்துப் பூர்வகுடிகளின் நில உரிமையைச் சுருக்கியது.

அதே சபைக்குள்ளிருந்து எதிர்க்குரலும் வந்தது. 1537இல் பாப்பரசர் மூன்றாம் பவுல், அமெரிக்கப் பூர்வகுடிகள் உண்மையான மனிதர்கள், விசுவாசத்துக்கு வெளியே இருந்தாலும் அவர்களின் சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கக் கூடாது என்றார். 1550இலும் 1551இலும் ஸ்பெயினின் வயதோலித் நகரத்தில் தொமினிக்கன் ஆயர் பார்த்தொலொமே தெ லாஸ் காசாஸ், செபூல்வேதா என்ற அறிஞரோடு இதைப் பற்றி மோதினார். ஒரு பேரரசு தன் வெற்றி நியாயமானதா என்று தானே மேடை போட்டு விவாதித்தது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த விவாதம் திட்டவட்டமான தீர்ப்பு இல்லாமலே முடிந்தது. சுரங்கங்களில் மனிதர்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். இந்தக் ‘கண்டுபிடிப்புக் கோட்பாடு’ கத்தோலிக்கப் போதனையின் பகுதி அல்ல என்று வத்திக்கான் வெளிப்படையாக மறுதலித்தது 2023 மார்ச்சில். ஐந்து நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

திணிக்கப்பட்டவர்கள் சும்மா வாங்கிக்கொள்ளவும் இல்லை. மெக்சிகோவில் குவாதலூப்பே மாதா பழுப்பு நிற முகத்தோடு வந்தாள். 1810இல் மிகுவேல் இதால்கோ என்ற பங்குக் குரு ஸ்பெயினுக்கு எதிராக எழுந்தபோது அவள் படம்தான் கொடியானது. ஆண்டவர்களின் மதம் ஆளப்பட்டவர்களின் அடையாளமாக மாறுவது இப்படித்தான் நடந்தது.

கூலியும் ஒப்புதலும்

1891 மே 15 அன்று பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் பிரச்சினை பற்றி ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். சோஷலிசத்தை மறுத்தார், தனிச்சொத்தை ஆதரித்தார். ஆனால் முதலாளியும் தொழிலாளியும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்பதாலேயே கூலி நியாயமாகிவிடாது என்றார். ஒழுங்காக உழைக்கும் ஒருவர் வாழப் போதாத கூலியை, பசிக்குப் பயந்து அவர் ஏற்றுக்கொண்டால் அது அநீதிக்கு அடிபணிவதே. திருமணத்தில் ஒப்புதலே எல்லாம் என்ற சபை, கூலியில் ஒப்புதல் போதாது என்றது. இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது: பயத்தில் சொன்ன சம்மதம் சம்மதம் ஆகாது. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையையும் அந்த மடல் ஆதரித்தது. இப்போதைய பாப்பரசர் லியோ என்ற பெயரை எடுத்துக்கொண்டதற்கு அதையே காரணமாகச் சொன்னார். அன்று தொழிற்புரட்சி, இன்று செயற்கை நுண்ணறிவு என்றார்.

கீழ்மட்டத்தில் செய்ய முடிந்ததை மேல்மட்டம் பறித்துக்கொள்ளக் கூடாது என்ற கொள்கையை 1931இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் (பயஸ்) வகுத்தார். 1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தின் வழியாக அது ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படைச் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஒன்றியத்துக்கு அடித்தளம் போட்ட அரசியல் தலைவர்கள் ஷூமான் (பிரான்ஸ்), அடெனாவர் (ஜெர்மனி), தெ காஸ்பெரி (இத்தாலி) மூவரும் இந்த மரபில் ஊறிய கத்தோலிக்கர்கள். 1980இல் சான் சால்வதோரில் பூசை வைத்துக்கொண்டிருந்தபோது சுடப்பட்ட பேராயர் ரொமேரோவும், 1986இல் சர்வாதிகாரி மார்க்கோஸுக்கு எதிராக வானொலியில் மக்களைத் தெருவுக்கு அழைத்த மணிலாவின் கர்தினால் சின்னும் அதே மரபிலிருந்து வந்தவர்கள். சர்வாதிகாரி பிராங்கோவின் ஸ்பெயினோடு 1953இல் உடன்படிக்கை செய்ததும் அதே சபைதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏடுகள்

திரெந்து சங்கம் வைக்கச் சொன்ன கல்யாண ஏட்டோடு திருமுழுக்கு, அடக்க ஏடுகளும் எங்கும் வழக்கமாயின. பல நாடுகளில் அரசுப் பதிவு வரும் வரை ஒருவர் பிறந்தார், வாழ்ந்தார் என்பதற்கு அந்த ஏடுகளே சாட்சி. எழுதிவைக்கும் இந்தப் பழக்கம் கடைசியில் எழுதியவர்களுக்கு எதிராகவே திரும்பியது.

சபைச் சட்டத்தின் 489ஆம் விதிப்படி ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதி) ஒரு ரகசிய ஆவணக் காப்பகம் இருக்க வேண்டும்; அடுத்த விதிப்படி அதன் சாவி ஆயரிடம் மட்டுமே இருக்கும். 2018இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு விசாரணைக் குழு ஆறு மறைமாவட்டங்களின் உள் ஆவணங்களைச் சட்டப்படி வாங்கிப் பார்த்தது. சுமார் ஐந்து லட்சம் பக்கங்கள். குழந்தைகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதாக 301 குருக்கள்; பாதிக்கப்பட்டவர்களாக, அடையாளம் காணக்கூடிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். புகார் எப்போது வந்தது, யாருக்குத் தெரியும், அந்தக் குருவை அடுத்து எந்தப் பங்குக்கு மாற்றினார்கள் என்பதெல்லாம் அந்த ஏடுகளிலேயே இருந்தன. தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல அதற்குப் பிறகு வழியில்லாமல் போனது. இப்படிப்பட்ட வழக்குகளுக்கு இருந்த பாப்பரசர் மட்ட ரகசியக் காப்பை 2019 டிசம்பரில் அப்போதைய பாப்பரசர் பிரான்சிஸ் நீக்கினார். குழந்தைகள் பட்ட பாட்டுக்கு முன்னால் இது மிகத் தாமதமான, மிகச் சிறிய நகர்வு.

1838இல் மேரிலாந்து இயேசு சபையினர் ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்க 272 அடிமைகளை லூசியானாத் தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். அடுத்த ஆண்டே பாப்பரசர் பதினாறாம் கிரகோரி அடிமை வணிகத்தைக் கண்டித்து எழுதினார். விற்கப்பட்டவர்களை யாரும் திருப்பி வாங்கவில்லை. அவர்களும் கத்தோலிக்கர்கள். அவர்களின் திருமுழுக்கும் கல்யாணமும் சாவும் பங்கு ஏடுகளில் ஏறியிருந்தன, விற்பனைப் பட்டியலிலும் பெயர்கள் இருந்தன. 2015க்குப் பிறகு ஆய்வாளர்களும் சந்ததியினரும் இவை இரண்டையும் ஒப்பிட்டு ஆயிரக்கணக்கான வாரிசுகளைக் கண்டுபிடித்தார்கள். இன்று பல்கலைக்கழகமாகிவிட்ட ஜார்ஜ்டவுன் மன்னிப்புக் கேட்டு, வாரிசுகளுக்கு மாணவர் சேர்க்கையில் முன்னுரிமை அறிவித்தது. 2021இல் அமெரிக்க இயேசு சபையினர், சந்ததியினரோடு சேர்ந்து தொடங்கிய அறக்கட்டளைக்கு 10 கோடி டாலர் திரட்டித் தருவதாக உறுதியளித்தார்கள். 272 பேரின் உழைப்புக்கும் உடைந்த குடும்பங்களுக்கும் அது ஈடாகுமா, பணத்தை எப்படிச் செலவிடுவது என்பதில் சந்ததியினரிடையே ஒருமித்த கருத்து இல்லை.